அந்தப் பக்கம் வந்துச்சா?

சென்ற முறை கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை மாடு பூட்டாத வண்டி, எங்கள் அண்ணனுடைய 407 வேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். எழுதாவிட்டால் உறுத்திக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

1997-ல் எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போயின. அம்மாவுக்கு ராமேஸ்வரம் போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பஸ்ஸில் உட்கார முடியாது, ரயிலில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும், காரில் கால் நீட்டிப் படுக்க இடம் இல்லை. அண்ணன் அப்போது எட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தறிக்குடோனில் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தபோது என்.டி.ராமாராவின் 'சைதன்ய ரதம்' படம் கண்ணில் பட்டது. 1982-ல் தெலுங்கு தேசம் ஆரம்பித்த சமயம், ஒரு பழைய செவர்லே வேனை மாற்றிக் கட்டி, அதிலேயே ஆந்திரா முழுக்கச் சுற்றினாரே, அந்த வண்டி. அவர் மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். "அவரு ஓட்டுக் கேக்கறதுக்குக் கட்டுனாரு. நாம அம்மாளுக்குக் கட்டலாம்டா" என்றார் அண்ணன்.

டாடா 407 வந்தது 1986-ல். ஏழெட்டு வருஷம் ஓடிய 407 ஒன்றைச் சங்ககிரியில் பேசி வாங்கினார். நம் பக்கத்தில் இந்த வேலைக்கு ஊருக்கு ஒரு பேர் உண்டு. லாரி என்றால் சங்ககிரி, லாரி பாடி என்றால் நாமக்கல், போர் வண்டி என்றால் திருச்செங்கோடு, பஸ் பாடி என்றால் கரூர். அண்ணன் வண்டியைக் கரூருக்கு ஓட்டிப்போய், பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டி வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், மடக்கும் மேசை. கயிற்றுக் கட்டிலோடு அம்மாவைத் தூக்கி உள்ளே வைக்கிற மாதிரி பின்கதவு அகலமாக இருக்கும். இப்போது சினிமாக்காரர்கள் கேரவன் என்கிறார்கள். நாங்கள் 'ஊட்டு வண்டி' என்று சொல்லுவோம்.

அதில் பழனி, திருச்செந்தூர், தர்மஸ்தலா எல்லாம் போனோம். ராமேஸ்வரம் இரண்டு தரம். 1988-ல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு வண்டியோடு தீவுக்குள் போக வழி ஆகிவிட்டதல்லவா. பாலத்தின் மேல் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். அம்மா படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். அதுவரை கடல் பார்த்ததில்லை. "இத்தனை தண்ணி கெடக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர் திரும்பியதும் அண்ணன் இரண்டு நாள் வண்டிக்கு அடியில்தான் கிடந்தார். மோட்டார் போட்டு அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவினார். கடற்கரைக் காற்றில் வருகிற உப்பு, இரும்பில் ஒட்டினால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் இயற்பியலும் வேதியியலும் நடத்தியவன் நான். துருப்பிடித்தலுக்குச் சமன்பாடு கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அதைக் கையால் செய்தவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணன்.

அமாவாசைக்கு அமாவாசை கிரீஸ் அடிப்பார். லாரி, வேன் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டியின் பாரத்தைத் தாங்குவது பட்டை. நீளமான இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய கட்டு. மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரண்டு முனையையும் சுருட்டி 'கண்' வைத்திருப்பார்கள். ஒரு கண் சேஸிஸில் உள்ள பிராக்கெட்டில் ஒரு பின்னால் மாட்டியிருக்கும். இன்னொரு கண் சேக்கிளில் தொங்கும். சேக்கிளுக்கு இரண்டு பின். ஆக ஒரு பட்டைக் கட்டுக்கு மூன்று பின், நான்கு கட்டுக்குப் பன்னிரண்டு. பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் பட்டை நீண்டு சுருங்கும், இந்தப் பின்கள் புஷ்ஷுக்குள் திரும்பும். எங்கள் வண்டியில் கன்மெட்டல் புஷ். பின்னின் தலையில் ஒரு நிப்பிள், உள்ளே நீளவாக்கில் ஒரு துளை. கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் கிரீஸ் துளை வழியாகப் போய் புஷ்ஷை நனைத்து அந்தப் பக்கமாக வெளியே வர வேண்டும்.

வெளியே வர வேண்டும் என்பதுதான் முக்கியம். அண்ணன் அதைப் பார்க்காமல் அடுத்த நிப்பிளுக்குப் போகமாட்டார். பழைய கறுப்புக் கிரீஸ் முதலில் வரும், அப்புறம் புதுசு. புதுசு தெரிந்த பிறகுதான் நோட்டில் டிக் அடிப்பார். அதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில் செருகியிருக்கும்.

அம்மா 2004-ல் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 2010-ல் அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. குனிய, படுக்க, கையை ஓங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "நீ அடிச்சுருடா தம்பி" என்றார். அமாவாசை அன்று நான் ஈரோட்டிலிருந்து நசியனூர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவேன். நான் வண்டிக்கு அடியில். அண்ணன் சாளை வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு நிப்பிளுக்கும் அங்கிருந்தே கேட்பார்:

"அந்தப் பக்கம் வந்துச்சா?"

"வந்துருச்சுங்ணா."

முதல் ஏழெட்டு மாதம் உண்மையாகவே பார்த்துத்தான் சொன்னேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதுகில் சரளைக் கல் குத்தும். டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கக் கழுத்து வலிக்கும். நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் பிதுங்கினால் போதும், உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேஸ்ட் பஞ்சால் துடைத்துவிட்டு, "வந்துருச்சுங்ணா" என்பேன். நோட்டில் டிக் அடிப்பேன்.

2012-ல் ஒரு தரம் பழனி போய் வந்தபோது, "இடது பக்கம் கட்டையாட்டக் குத்துதுடா" என்றார் அண்ணன். "ரோடு அப்படிங்ணா" என்றேன். 2013 ஐப்பசியில் அவரும் போய்விட்டார்.

வண்டி தோட்டத்திலேயே, தகரக் கொட்டகைக்கு அடியில் நின்றது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத் தோட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டித் தண்ணீர் விட்டால் மார்கழி வரை மண்ணில் ஈரம் காயாது. கசிவுத் தண்ணீரில் கிணறு நிறைகிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அதே ஈரம் வண்டியின் அடியில் பதினொரு வருஷம் வேலை செய்தது.

போன வருஷம் சித்திரையில் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து விலை சொன்னார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் போனில், "கொடுத்துருங்க சித்தப்பா" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நங்கையாவிடம் கேட்டேன். அவர்களுக்கு எழுபத்து நான்கு வயது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்கள்:

"வண்டியக் குடுங்க தம்பி, வேண்டாங்கல. ஒரே ஒரு தரம் அவரு திதிக்கு அதுல கூடுதுறை போய்ட்டு வந்தர்லாமுங்களா? அப்பறம் என்ன வேணாலும் பண்ணுங்க."

பவானி கூடுதுறை ஈரோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோவில்கூடப் போகலாம். நான் அதைச் சொல்லவில்லை.

என்ஜினைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். டீசலை மாற்றி, பேட்டரி போட்டு, இரண்டு நாளில் ஓடவிட்டார். ஆனால் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம வேலையில்லைங்க சார். பட்டை மேஸ்திரியக் கூப்புடுங்க" என்றார். முன் இடது மெயின் பட்டை விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றி மாற்றாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக முடியாது.

பள்ளிபாளையத்தில் பட்டறை வைத்திருந்து, இப்போது மகனிடம் விட்டுவிட்ட ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். வயது அறுபத்தெட்டு. கூட ஒரு பையன். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் கடைசி வரைக்கும் 'வாத்தியாரய்யா'தான்.

முதல் நாள் அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் போட்டார். ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் சிலீப்பர் கட்டை அடுக்கி, அதன்மேல் பாரத்தை இறக்கினார். வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "ஜாக்கிய நம்பி அடியில போனவனுக யாரும் திரும்பி வந்து கதை சொன்னதில்லைங்க" என்றார். பேட்டரி வயரைக் கழற்றினார். டீசல் டேங்கை இறக்கித் தென்னை மரத்தடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பிறகு எல்லா நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெயும் டீசலும் கொஞ்சம் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இரண்டாம் நாள் யூ போல்ட்டுகள். ஸ்பேனர் போட்டுப் பையன் தொங்கியும் நட்டு அசையவில்லை. மேஸ்திரி யோசிக்கவே இல்லை. "அறுத்துப் போடுறா" என்றார். கிரைண்டரில் பத்து நிமிஷத்தில் நான்கும் துண்டாகி விழுந்தன. எனக்கு ஆச்சரியம். நேற்று அத்தனை பொறுமை, இன்று இத்தனை அவசரமா?

"தூக்கிப் போடறத அறுக்கலாமுங்க. வச்சுக்கறதக் கெஞ்சித்தான் கழட்டோணும்" என்றார். யூ போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் போடக் கூடாது, புதுசுதான் போட வேண்டும். ஆனால் பின் மாட்டியிருக்கும் பிராக்கெட் சேஸிஸோடு ரிவெட் அடித்தது. அது உடைந்தால் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, வேறு பிராக்கெட் தேடி, சேஸிஸை நிமிர்த்தி, ஒரு மாத வேலை. அந்தப் பழைய 407-க்கு அது கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

மற்ற பின்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில கையாலேயே. ஒன்றிரண்டுக்குப் பித்தளைக் கட்டையை வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. முன் இடது பிராக்கெட் பின் மட்டும் அசையவில்லை. லாக் போல்ட்டை எடுத்தாயிற்று, பட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் அறுத்து எடுத்தாயிற்று. பின்னும் புஷ்ஷும் கண்ணும் சேர்ந்து ஒரு கட்டியாகப் பிராக்கெட்டுக்குள் நின்றன.

மேஸ்திரி களிமண் கொண்டுவரச் சொன்னார். பின்னின் முனையைச் சுற்றிக் குழந்தைகள் குளம் கட்டுவது போல வரப்பு கட்டி, அதில் எண்ணெய்க் கலவையை ஊற்றினார். "காலையும் சாயங்காலமும் ஊத்துங்க வாத்தியாரய்யா. ஊத்தின பொறவு சின்னச் சுத்தியில இருவது தட்டு. அடிக்காதீங்க, தட்டுங்க. நான் நாலு நாள் கழிச்சு வாரேன்."

அதன் காரணம் எனக்குப் புரிந்தது. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பின்னுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருந்த முடியளவு இடைவெளியில் துரு வளர்ந்து, ஆப்பு அடித்தது போல இறுக்கிவிட்டது. அந்த ஆப்புக்குள் எண்ணெய் ஊர்ந்து போவதற்கு நேரம் வேண்டும். தட்டும்போது துரு நொறுங்கி எண்ணெய்க்கு வழி கிடைக்கும். நுண்புழை ஏற்றம் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். நடத்தியதோடு சரி.

இரண்டு நாள் ஊற்றினேன், தட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பின் ஒரு நூல் அளவு நகர்ந்தது போலத் தெரிந்தது. இத்தனை நாள் ஊறிவிட்டது, ஒரே அடி அடித்தால் வந்துவிடும் என்று தோன்றியது. மேஸ்திரி வரும்போது பின்னைக் கையில் கொடுத்து அவரை அசத்த வேண்டும் என்றும் ஒரு ஆசை. கிணற்று வேலைக்கு வைத்திருந்த பத்து ராத்தல் சம்மட்டியை எடுத்து வந்து, எழுபத்தொரு வயதில், பலம் கொண்ட மட்டும் நான்கு அடி போட்டேன்.

நிப்பிள் ஒடிந்து எங்கோ தெறித்தது. நல்லவேளை கண்ணில் படவில்லை. பின்னின் முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த முனை ஓட்டைக்குள் நுழையாது. முன்பு துரு மட்டும் பிடித்திருந்தது, இப்போது நான் வேறு பூட்டுப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. "கை சும்மா இருக்கமாட்டீங்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். விரிந்த முனையைக் கிரைண்டரில் தேய்த்துச் சரி செய்ய மத்தியானம் வரை ஆயிற்று. அதன் பிறகு ஒடிந்த நிப்பிளின் அடிக்கட்டையைத் திருகி எடுத்தார். துளைக்குள் எண்ணெய் விடலாம் என்று ஒரு சைக்கிள் கம்பியை உள்ளே செருகினார். அரை அங்குலம் போய் நின்றுவிட்டது.

கழற்றி வைத்திருந்த வேறொரு பின்னை எடுத்து அதே கம்பியைச் செருகிக் காட்டினார். முழுசாக உள்ளே போனது.

"இங்க பாருங்க. கிரீஸ் காஞ்சு கல்லாட்டம் அடைச்சுருக்குது. இதுக்கு மேல எத்தன அடிச்சாலும் நிப்பிளச் சுத்திப் பிதுங்குமே தவிர உள்ள போவாதுங்க."

"வண்டி நின்னு பதினொரு வருஷம் ஆச்சுல்லங்க மேஸ்திரி, அதனால காஞ்சுருக்கும்" என்றேன்.

"மத்த பதினொண்ணும் அதே வண்டியிலதானுங்களே நின்னுது? அதுகல்லாம் கழண்டு வந்துருச்சுல்லங்க. இது வண்டி ஓடையிலயே அடைச்சது. பட்டை விரிசல் விட்டதும் அதனாலதானுங்க. கண்ணு திரும்பாட்டி பட்டைதானுங்க திருகும்."

நான் ஒன்றும் பேசவில்லை. பையன் டீ வாங்கி வந்தான். குடித்தோம்.

மறுநாள் கேஸ் வெல்டிங்காரர் வந்தார். முதலில் சிந்திக் கிடந்த எண்ணெயை எல்லாம் துடைத்து, களிமண்ணை எடுத்து, பிரேக் ஹோஸைத் தள்ளிக் கட்டி, இரண்டு வாளி மணலைப் பக்கத்தில் வைத்தார்கள். பின்னைச் சூடு பண்ணக் கூடாது, பிராக்கெட்டின் காதைத்தான் பண்ண வேண்டும். இரும்பு சூடானால் ஓட்டை சுருங்குமா பெரிதாகுமா என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் சுருங்கும் என்பார்கள். வளையமும் பந்தும் வைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். ஒரு மீட்டர் இரும்பு நூறு டிகிரி ஏறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். ஒரு அங்குல ஓட்டை நானூறு டிகிரி ஏறினால் ஒன்றிரண்டு தலைமுடி கனம் விரியும். அந்த அளவு கிடைத்தால் போதும்.

காது சிவக்க ஆரம்பித்ததும் நெருப்பை நிறுத்தி, மேஸ்திரி ஒரு மெழுகுவத்தியைப் பின்னின் ஓரத்தில் வைத்தார். உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறவிட்டார். மறுபடி சூடு, மறுபடி மெழுகு. மூன்றாம் முறை பித்தளைக் கட்டையை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினார். சத்தம் மாறியது. அதுவரை மண்ணில் அடிப்பது போல இருந்தது. இப்போது மணி போல. "வந்துருச்சுங்க" என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் பின் கீழே விழுந்தது. ஐந்து நாள் வேலை, பெருவிரலைவிடக் கொஞ்சம் பருத்த ஒரு இரும்புத் துண்டுக்காக.

ஆறிய பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பாதி செம்மண் நிறத்தில் அரித்துப் போயிருந்தது. நடுவில் இருந்த வரிப்பள்ளத்தில் கருப்பட்டி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பழைய கிரீஸ். அடைப்புக்கு அந்தப் பக்கம் கடைசியாகப் போன கிரீஸ் அது.

அன்று இரவு அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஸ்டியரிங் பக்கத்திலேயே இருந்தது, ஓரமெல்லாம் கரையான் தின்று. 2010 வரை அண்ணனின் கையெழுத்து, பென்சிலில். சில இடங்களில் டிக்குக்குப் பதில் சுழி போட்டு, 'வரல, நிப்பிள் கழட்டி கம்பி விட்டு அடிச்சது' என்று எழுதியிருந்தார். அவருக்கும் அடைத்திருக்கிறது. அவர் கம்பி விட்டிருக்கிறார். அதன் பிறகு மூன்று வருஷம் நீல மையில் என் கையெழுத்து. மாதம் பன்னிரண்டு டிக். ஒரு சுழிகூட இல்லை.

மறுநாள் காலை நங்கையாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், அவர் ஒவ்வொரு தரமும் கேட்டார், நான் பார்க்காமலேயே வந்துவிட்டது என்று சொன்னேன் என்று.

அவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "எந்தப் பக்கமுங் தம்பி?" என்று கேட்டார்கள்.

"முன்னாடி, இடது பக்கம்."

"அப்ப நான் உக்கார்ற பக்கந்தானுங்களே" என்றார்கள்.

வேறொன்றும் சொல்லவில்லை. கோபமா என்றும் தெரியவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை அவர்கள் கொடுக்கவில்லை. இப்போது யோசித்தால் அது சரிதான் என்று படுகிறது.

புது மெயின் பட்டை பள்ளிபாளையத்திலேயே வளைத்து வாங்கினோம். மற்ற பட்டைகளை வளைவு ஏற்றி, புது சென்டர் போல்ட், புது யூ போல்ட், பன்னிரண்டு புது புஷ், புது பின். எல்லாம் மாட்டி முடிந்த அன்று மேஸ்திரி கிரீஸ் கன்னை என்னிடம் நீட்டினார். கித்தானை விரித்துப் படுத்து அடிக்க ஆரம்பித்தேன். முதல் நிப்பிள் அடித்து முடிக்கும்போது கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். நங்கையா கட்டிலை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் டார்ச்.

"அடிங்க தம்பி. நான் பாத்துச் சொல்றேன்."

பன்னிரண்டுக்கும் அவர்கள்தான் சொன்னார்கள். நான்காவதில் "இன்னும் வரலீங்களே" என்றார்கள். இன்னும் ஆறு அடி அடித்தேன். "இப்ப வருது, மஞ்சளா வருது" என்றார்கள். நோட்டில் டிக் அடிக்கும் வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

பேப்பர் வேலை எல்லாம் முடிந்து எஃப்.சி. வாங்க இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அது தனிக் கதை. ஐப்பசியில் அண்ணன் திதி அன்று விடியற்காலை கிளம்பினோம். அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்து, அவனே ஓட்டினான். நங்கையா இடது பக்கத்து சீட்டில். சித்தோடு தாண்டி ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. நான் பின்னால் உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்தேன். அவர்கள் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேரும் படித்துறையில் திதி கொடுத்துவிட்டு, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, வண்டியிலேயே அடுப்புப் பற்றவைத்து டீ போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வண்டியை இன்னும் விற்கவில்லை. 'ஒரே ஒரு தரம்' என்று சொன்னவர்கள் இப்போது பழனி எப்போது என்று கேட்கிறார்கள்.

விரிசல் விட்ட பழைய மெயின் பட்டையை இரும்புக்காரருக்குப் போடவில்லை. லாரிப் பட்டை இரும்பில் கரிச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் நல்ல கூர் நிற்கும். கொல்லுப்பட்டறை ஆசாரிகள் அதைத் தேடி வாங்குவது அதனால்தான். எங்கள் பட்டையிலும் விரிசல் இல்லாத பக்கத்தை வெட்டி ஒரு கொடுவாள் அடித்துக் கொடுத்தார் ஆசாரி. இளநீர் சீவ நன்றாக இருக்கிறது. அந்தப் பின்னை மட்டும் நான் எடுத்து வந்து, இதை எழுதுகிற மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பழைய ஜீப்போ டிராக்டர் டிரெய்லரோ கொட்டகையில் போட்டு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். வண்டி ஓடாவிட்டாலும் கிரீஸ் அடியுங்கள். ஆள் வைத்து அடித்தாலும் சரி. ஆனால் அந்தப் பக்கம் வந்ததா என்று நீங்களே குனிந்து பாருங்கள். குனிய முடியாவிட்டால், கட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

அண்ணன் கட்டிலைச் சாளை வாசலிலேயே போட்டிருந்தார். இழுத்துப் போட அவருக்குத் தெரியாதா? தம்பி பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டார்.